பாப்பாவின் பல் அச்சு

பிப்ரவரி 9

நாத்தனாருக்கு,

அன்புள்ள என்று தொடங்கத்தான் பேனாவை எடுத்தேன். கை வரவில்லை. நீயும் எதிர்பார்த்திருக்க மாட்டாய்.

உன் அண்ணனை எடுத்துக்கொண்டு போன அன்று எதிரே மருந்துக்கடை வாசலில் நீ நின்றதைப் பார்த்தேன். குடையை முகத்துக்கு நேரே பிடித்துவிட்டால் ஆளைத் தெரியாதா? அத்தனை வருஷம் ஒரே வீட்டில் உன்னோடு குப்பை கொட்டியவள் நான். உள்ளே வரச்சொல்லி ஆள் அனுப்ப எனக்கு மனம் வரவில்லை. நீயாக வந்திருந்தால் வெளியே போ என்று சொல்லியிருக்க மாட்டேன் என்று நினைக்கிறேன். அதுவும் நிச்சயமில்லை.

விஷயத்துக்கு வருகிறேன். வீட்டுக்காரர் வீட்டை இடிக்கப்போகிறார். "அடுத்த மாசத்துக்குள்ள காலி பண்ணிக் குடுத்துடுங்கம்மா. நான் நல்லவன்தான். என் பையன் அப்படி இல்ல" என்று வாசலில் நின்று சொல்லிவிட்டுப் போனார். நான் இஸ்திரி போடுகிற சலவைக் கடையின் மாடியில் ஓர் அறை இருக்கிறது. கடைக்காரர் தருகிறேன் என்கிறார். ஒரு கட்டில், ஒரு அடுப்பு, நான். அதற்கு மேல் அங்கே எதுவும் நுழையாது.

சமையலறையைக் காலி செய்ய ஒரு காலைப்பொழுது போதுமானதாக இருந்தது. துணிகளும் போய்விட்டன. முன்னறைதான் மலைப்பாக இருக்கிறது. பல் செட் கட்டுகிறேன் என்று சொல்லி உன் அண்ணன் ஊரில் பாதிப் பேரின் வாயைப் பிளாஸ்டரில் வார்த்து அலமாரிகளில் அடுக்கி வைத்துவிட்டுப் போயிருக்கிறார். ஒன்றில்கூடப் பெயர் இல்லை. எல்லாமே அவர் தலைக்குள் இருந்தது. போன வாரம் ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர் ஒருவர் வந்தார். செட் தயார் என்று அவரிடம் சொல்லியிருந்தாராம். மேஜையில் மூன்று செட் இருந்தது, எது அவருடையது என்று யாருக்குத் தெரியும்? மனிதர் ஒவ்வொன்றாகக் கழுவி வாயில் மாட்டிப் பார்த்தார். மூன்றாவதைப் போட்டுக்கொண்டு "இதுதாம்மா, இதுல 'டிக்கெட் டிக்கெட்'னு சொல்ல வருது" என்றார். அவர் போனபிறகு நான் சிரித்தேன். உன் அண்ணன் போனபிறகு முதல் தடவை.

ஜன்னலுக்குக் கீழே இருந்த அலமாரியை முதலில் காலி செய்தேன். கட்டட இடிபாடு அள்ளும் வண்டிக்காரர் சாக்குகளில் வாரிக்கொண்டு போனார். பெட்ரோல் பங்க் கட்டும் இடத்தில் பள்ளம் நிரப்ப ஆகுமாம். மற்ற அலமாரிகளுக்கு மறுபடி வருவார்.

எழுத வந்த காரணம் இதுதான். அரைக்கிற மோட்டார், மெருகு போடுகிற சக்கரம், அச்சு இறுக்குகிற இரும்புச் சாமான்கள் எல்லாம் கிடக்கின்றன. நீ அவரோடு அந்த அறையில் வேலை பார்த்தவள். இப்போதும் பல் ஆஸ்பத்திரியில் அதே வேலைதானே செய்கிறாய். உனக்கு வேண்டியதை எழுது, அனுப்புகிறேன். மீதியை எடைக்குப் போடுவேன். தொலைபேசி வேண்டாம். உன் குரலைக் கேட்கிற தெம்பு எனக்கு இன்னும் வரவில்லை.

இப்படிக்கு,
உன் அண்ணனின் மனைவி


பிப்ரவரி 15

அண்ணிக்கு,

சாமான் எதுவும் எனக்கு வேண்டாம். மோட்டாரை மட்டும் எடைக்குப் போடாதீர்கள், நல்ல மோட்டார். கடைத்தெருவில் இருக்கிற பல் டாக்டரிடம் கேட்டால் எடுத்துக்கொள்வார்.

அண்ணி, வண்டிக்காரரை நிறுத்துங்கள். இந்தக் கடிதம் வந்து சேர்வதற்குள் அவர் வந்துவிடக்கூடாதே என்று இருக்கிறது. போன் வேண்டாம் என்றுவிட்டீர்கள், தந்தி அடிக்கலாமா என்றுகூடப் பார்த்தேன், தந்தியில் இதை எப்படிச் சொல்வது? அந்த அச்சுகளில் நம் பாப்பாவுடையது ஒன்று இருக்கிறது.

உங்களுக்குத் தெரியாது. அவளுக்குப் பதின்மூன்று வயதில் எடுத்தது. பள்ளிக்கூடத்தில் அவளை முயல் என்று கூப்பிடுகிறார்கள் என்று என்னிடம் வந்து அழுதாள். நான் அண்ணனிடம் சொன்னேன். கம்பி போட்டு நேராக்கிவிடலாம் என்றார். நீங்கள் கடைக்குப் போயிருந்தபோது அளவு எடுத்தோம். "உங்க அண்ணிகிட்ட இப்ப சொல்லாத. நல்லா இருக்கிற பல்லை எதுக்குத் தொடுறீங்கன்னு சண்டைக்கு வருவா" என்றார். நான்தான் அவள் தலையைப் பிடித்துக்கொண்டேன். அளவெடுக்கிற பசை தொண்டைக்குள் போய்விடும் என்று பயந்து என் கட்டை விரலைக் கடித்துவிட்டாள். அந்த அளவில் பிளாஸ்டர் ஊற்றியதும் நான்தான். அப்புறம் கம்பியைக் கண்ணால் பார்த்துவிட்டு, வேண்டாம் என்று ஓடிப்போனாள். நாங்களும் விட்டுவிட்டோம்.

நீங்கள் ஆல்பத்தை எடுத்துப் பாருங்கள். ஒரு படத்திலாவது அவள் வாயைத் திறந்திருக்கிறாளா? என்னிடம் இருக்கிற எல்லாப் படத்தையும் தேடிவிட்டேன். உதட்டை இறுக்கி மூடிக்கொண்டு, யாரோ திட்டியதுபோல நிற்கிறாள். நமக்கெல்லாம் தெரியும் அவள் எப்படிச் சிரிப்பாள் என்று. ஆனால் அது எங்கேயும் பதியவில்லை. அந்த ஒரு பிளாஸ்டரில்தான் இருக்கிறது.

எந்த அலமாரியில் வைத்தோம் என்று எனக்கு ஞாபகம் இல்லை. அண்ணன் பிறகு இடம் மாற்றியிருக்கலாம். தயவு செய்து ஒன்றையும் வெளியே விடாதீர்கள்.

நாத்தனார்


பிப்ரவரி 21

நாத்தனாருக்கு,

என் வயிற்றில் பிறந்தவளின் வாயை என் வீட்டிலேயே வைத்துக்கொண்டு என்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் இருந்திருக்கிறீர்கள், அண்ணனும் தங்கையும். உங்களுக்கு எல்லாமே அப்படித்தான். அவளுக்குக் காய்ச்சல் வந்தபோதும் நீ அப்படித்தான் செய்தாய். படிக்கட்டும் என்று நம்பி உன் வீட்டுக்கு அனுப்பினேன். ஒரு போன் பண்ணியிருந்தால் அடுத்த வண்டியில் வந்திருப்பேன். "சாதாரணக் காய்ச்சல்னு டாக்டரே சொன்னாரு அண்ணி" என்று நீ சொன்னது என் காதை விட்டுப் போகவே இல்லை.

உன் கடிதம் வந்த அன்று இஸ்திரிப் பெட்டியை அப்படியே வைத்துவிட்டு அந்தப் பெட்ரோல் பங்க் இடத்துக்கு ஓடினேன். பள்ளம் இல்லை. மேலே மண் போட்டு ரோலர் ஓட்டிவிட்டார்கள். காவல்காரரிடம் நடந்ததைச் சொன்னேன். அவருக்கு என்ன புரிந்ததோ, "பல்லா? யாரோட பல்லும்மா?" என்று கேட்டுவிட்டு, ஓரத்தில் கொஞ்சம் தோண்டிப் பார்க்கச் சொல்லி ஒரு கொத்தனார் கரண்டி கொடுத்தார். வெள்ளையாகத் தூள்தான் வந்தது. ஒரே ஒரு கடைவாய்ப் பல் முழுசாகக் கிடைத்தது. அது யாருடையது என்று எனக்கு எப்படித் தெரியும்? அதை எடுத்து வரவும் மனம் வரவில்லை, போட்டுவிட்டு வரவும் மனம் வரவில்லை. கடைசியில் போட்டுவிட்டுத்தான் வந்தேன்.

வண்டிக்காரரை இனி வர வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். மற்ற அலமாரிகள் அப்படியே இருக்கின்றன. அதில் அவள் இருக்கலாம், இல்லையா? நீதான் சொல்கிறாயே, இடம் மாற்றியிருக்கலாம் என்று. மூன்று நாளாக ஒவ்வொன்றாகக் கையில் எடுத்துப் பார்க்கிறேன். எல்லாம் பல்லாகத்தான் இருக்கிறது.

ஒன்று சொல்கிறேன், சிரிக்காதே. அவளுடைய முன்பல்லில் எது எதன் மேல் ஏறியிருந்தது என்று எனக்கு நினைவில்லை. பெற்றவளுக்கு நினைவில்லை. கண்ணை மூடினால் அந்தப் படங்களில் இருக்கிற மூடின வாய்தான் வருகிறது. எனக்கு அவள் சிரிப்பு மறந்துவிட்டது. இதை நான் வேறு யாரிடம் சொல்வேன்? எப்படி அடையாளம் கண்டுபிடிப்பது என்று எழுது. உடனே எழுது.

அண்ணி


பிப்ரவரி 26

அண்ணிக்கு,

காய்ச்சலைப் பற்றி நீங்கள் எழுதியதற்கு நான் பதில் எழுதப்போவதில்லை. எழுதிப் பார்த்தாயிற்று. ஒரு காலத்தில் அண்ணனுக்கு எத்தனை கடிதம் எழுதினேன், ஒன்றுக்கும் பதில் இல்லை. உங்களுக்காகத்தான் எழுதாமல் இருந்தார் என்று எனக்குத் தெரியும். அது நியாயம்தான். ஆனால் கூடப் பிறந்தவளை ஒருத்தரால் இப்படித் துடைத்துப் போட முடியுமா என்று கேட்டுக்கொள்ளாத நாள் கிடையாது.

இனி அச்சு. மேல்வரிசையைப் பாருங்கள். நடுவில் இருக்கிற இரண்டு பற்களில் இடது பல், வலது பல்லின் மேல், காலுக்கு மேல் கால் போட்டு உட்கார்ந்த மாதிரி ஏறியிருக்கும். அதற்குப் பக்கத்தில் இருக்கிற சின்னப் பல் உள்ளே தள்ளி நிற்கும். சின்னப் பிள்ளையின் வாய் என்பதால் அச்சே உங்கள் உள்ளங்கைக்குள் அடங்கிவிடும். பெரியவர்களுடையதை முதலிலேயே ஒதுக்கிவிடலாம். பல்லே இல்லாமல் வெறும் ஈறாக இருப்பவை செட்டுக்காக எடுத்தவை. அவற்றையும் ஒதுக்கிவிடுங்கள். மீதி கொஞ்சம்தான் இருக்கும்.

இது மாதிரி ஏதாவது கிடைத்தால் நீங்களாக முடிவு செய்ய வேண்டாம். மேஜை டிராயரில் ரோஸ் நிற மெழுகுத் தகடுகள் இருக்கும். ஒன்றை வெந்நீரில் போட்டு, வளைகிற பதம் வந்ததும் எடுத்து, அச்சின் முன்பற்களை அதில் அழுத்தி எடுங்கள். ஆறியதும் பஞ்சு சுற்றி, தகர டப்பாவில் வைத்து எனக்கு அனுப்புங்கள். பல் பதிந்த குழியைப் பார்த்தாலே நான் சொல்லிவிடுவேன். வெந்நீர் கொதிக்க வேண்டாம். கொதித்தால் மெழுகு கூழாகிவிடும்.

அவசரப்படாதீர்கள். சாப்பிட்டுவிட்டுத் தேடுங்கள்.

நாத்தனார்


மார்ச் 4

நாத்தனாருக்கு,

கிடைத்துவிட்டாள்.

அலமாரியில் இல்லை. எல்லாவற்றையும் தரையில் பரப்பி, நீ சொன்ன மாதிரி ஒதுக்கி ஒதுக்கி, கடைசியில் ஒன்றும் மிஞ்சவில்லை. அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். அப்புறம்தான் நீ சொன்ன மெழுகு எங்கே என்று பார்க்கலாம் என்று டிராயரை இழுத்தேன். அடியில், மெழுகுத் தகடுகளுக்கும் கீழே, அவருடைய பழைய நீலக் கைக்குட்டையில் சுற்றி ஒன்று இருந்தது. உள்ளங்கைக்குள் அடங்குகிறது. இடது பல் வலது பல்லின் மேல் ஏறியிருக்கிறது. பக்கத்துப் பல் உள்ளே தள்ளி நிற்கிறது. நீ எழுதியதை ஒரு கையிலும் அதை ஒரு கையிலும் வைத்துக்கொண்டு வரி வரியாகப் பார்த்தேன்.

ஊரில் இருக்கிறவர்கள் வாயெல்லாம் தூசியில் கிடக்க, இதை மட்டும் கைக்குட்டையில் சுற்றி வைத்திருக்கிறார் என்றால் வேறு யாருடையதாக இருக்கும்? நான் இஸ்திரி போட்டுக் கொடுத்த கைக்குட்டை. அது காணோம் என்று அவரோடு சண்டைகூடப் போட்டிருக்கிறேன். என்னிடம் காட்டாமல் தனியாக எடுத்து எடுத்துப் பார்த்திருப்பார் போல. பாவி மனுஷர். எனக்கும் காட்டியிருக்கலாம்.

ஒரே ஒரு குறை. மேலே ஏறியிருக்கிற பல்லின் ஓரத்தில் முனை கொஞ்சம் உடைந்திருக்கிறது. எடுத்து வைக்கும்போது எங்கேயாவது இடித்திருப்பார்.

முதல் மெழுகைக் கூழாக்கிவிட்டேன். இரண்டாவதில் என் விரல்தான் பதிந்தது. மூன்றாவது நன்றாக வந்திருக்கிறது. பிஸ்கெட் டப்பாவில் வைத்து இதோடு அனுப்புகிறேன்.

இது அவள்தான் என்று எனக்குத் தெரியும். ஆனாலும் நீ ஒரு வார்த்தை எழுது. அவளுக்கு அதை வார்த்தவள் நீ. இல்லை என்றால் இல்லை என்று எழுத வேண்டும், என்னைச் சின்னப் பிள்ளை மாதிரி ஏமாற்றக்கூடாது. ஆனால் இல்லை என்று எழுதிவிடாதே. நேற்றிலிருந்து எனக்குப் பசிக்கிறது. எத்தனையோ மாதமாக இல்லாத பசி.

அண்ணி


மார்ச் 10
(அனுப்பாதது)

அண்ணி,

அது பாப்பா இல்லை. நான்.

டப்பா இன்று மத்தியானம் வந்தது. ஆஸ்பத்திரியில் எல்லோரும் சாப்பிடப் போயிருந்தார்கள். பஞ்சைப் பிரித்து மெழுகை வெளிச்சத்தில் பிடித்தபோதே எனக்குச் சந்தேகம். கையைக் கழுவிவிட்டு அதை என் வாயில் வைத்து மெல்ல மூடினேன். டப்பாவில் மூடி உட்கார்கிற மாதிரி உட்கார்ந்துவிட்டது. உடைந்த முனைகூட. அது இடித்ததால் உடைந்தது இல்லை. எனக்கு எட்டு வயதில் அண்ணன் ஊஞ்சலை வேகமாகத் தள்ளிவிட்டு, நான் விழுந்து உடைந்தது. பாப்பாவுக்கு அந்த முனை முழுசாக இருந்தது.

அண்ணன் தொழில் கற்றுக்கொண்டபோது யாரும் அவரை நம்பி வாயைத் திறக்கவில்லை. எனக்கும் அப்போது பாப்பாவின் வயதுதான். "நீ வா, உன் வாய்லதான் கத்துக்கப்போறேன்" என்று பிடித்து உட்கார வைத்தார். அவர் வார்த்த முதல் அச்சு அது. எங்கேயோ தொலைந்துபோனது என்றுதான் நினைத்திருந்தேன். அதை அவர் கைக்குட்டையில் சுற்றி வைத்திருந்தார் என்று நீங்கள் எழுதியதைப் படித்தபோது எனக்கு என்ன வந்தது தெரியுமா அண்ணி? சந்தோஷம். உங்கள் மகளைத் தேடிக் கிடைக்காமல் போன இடத்தில் எனக்குச் சந்தோஷம் வந்தது. ஒரு கடிதத்துக்கும் பதில் போடாதவர் என்னை டிராயருக்குள் வைத்திருந்தாரே என்று. இதைச் சொல்ல எனக்கு வெட்கமாக இருக்கிறது. ஆனால் அது என்னுடையது. அவர் எனக்கு விட்டுப்போனது அது ஒன்றுதான்.

பாப்பாவினுடையதை ஜன்னலுக்குக் கீழே இருந்த அலமாரியில் வைத்தோம். ஈரம் காய வெயில் படட்டும் என்று நான்தான் வைத்தேன். உங்கள் முதல் கடிதத்தைப் படித்தபோதே அந்த நினைப்பு வந்து வந்து போனது. அவர் மாற்றியிருப்பார், மாற்றியிருப்பார் என்று சொல்லிச் சொல்லி அதைத் தள்ளினேன். இப்போது தள்ள இடமில்லை. அவள் அந்தப் பள்ளத்துக்குள் போய்விட்டாள் அண்ணி. நீங்கள் கரண்டியால் தோண்டிய தூள்தான்.

உங்களுக்குப் பசிக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். இதை நான் அனுப்பினால்


மார்ச் 11

அண்ணிக்கு,

ஆமாம். பாப்பாதான்.

மெழுகைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. முனை உடைந்ததற்கு அண்ணனைத் திட்டாதீர்கள். அச்சை அளவிலிருந்து பிரித்து எடுக்கும்போது நான் அவசரப்பட்டுவிட்டேன், என் கையில்தான் உடைந்தது.

அதில் தண்ணீர் படக்கூடாது. தூசி விழுந்தால் மெல்லிய தூரிகையால் தட்டிவிடுங்கள், துடைக்க வேண்டாம். சலவைக் கடையில் நீராவி இருக்கும், அதனால் மாடியில் ஜன்னல் பக்கம் வைக்காமல் உள்பக்கமாக வையுங்கள்.

ஒன்று கேட்கலாமா? அந்த நீலக் கைக்குட்டை உங்களுக்கு வேண்டாம் என்றால் எனக்கு அனுப்புங்கள். அண்ணன் ஞாபகமாக வைத்துக்கொள்கிறேன்.

நாத்தனார்


மார்ச் 19

அன்புள்ள நாத்தனாருக்கு,

பார், எழுதிவிட்டேன்.

போன வாரம் மாடி அறைக்கு வந்துவிட்டேன். வீட்டை இடிக்க ஆரம்பித்துவிட்டார்கள். நேற்று அந்தப் பக்கம் போனபோது முன்னறைச் சுவர் மட்டும் நின்றுகொண்டிருந்தது, அலமாரிகள் இருந்த இடத்தில் சுவர் புதிதாக இருந்தது. அழுகை வரும் என்று நினைத்துத்தான் போனேன். வரவில்லை. பையில் பாப்பா இருந்தாள்.

எங்கே போனாலும் எடுத்துக்கொண்டுதான் போகிறேன். பைத்தியம் என்று நினைத்தாலும் நினைத்துக்கொள். இஸ்திரி மேஜைக்குப் பக்கத்தில் மேல்தட்டில் வைத்திருக்கிறேன். கடைக்காரர் பார்த்துவிட்டு, "என்னம்மா இது, பல் டாக்டர் விளம்பரமா?" என்றார். என் பொண்ணு என்றேன். மனிதர் அதைச் சுற்றி இருந்த துணிகளைத் தள்ளி வைத்துவிட்டுப் போனார். ஒவ்வொரு பல்லும் எனக்கு இப்போது விரலிலேயே தெரியும். உடைந்த முனையில் கட்டை விரலை வைத்துக்கொண்டால் தூக்கம் வந்துவிடுகிறது.

கைக்குட்டை தர முடியாது. அது அவள் படுக்கை. அவர் அவளுக்காக எடுத்து வைத்தது, அதை நான் எப்படிப் பிரிப்பேன்? அவருடைய சட்டை வேண்டுமானால் ஒன்று இருக்கிறது, சொல்.

உன்னிடம் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். அவளை எடுத்த அன்று, அத்தனை பேர் நடுவில், என் பிள்ளையை நீ கொன்றுவிட்டாய் என்று கத்தினேன். அதைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன். நீ கொல்லவில்லை. நீ என்னைப் போலத்தான் அவளை வைத்திருந்தாய். எனக்கு அவளைத் திருப்பிக் கொடுத்ததும் நீதான்.

இங்கே வா. லீவு போட்டுவிட்டு வா. கட்டிலில் நீ படு, நான் கீழே படுத்துக்கொள்கிறேன். வேலையை விட்டுவிட்டு வந்தாலும் எனக்குச் சம்மதம்தான், உனக்கும் யார் இருக்கிறார்கள்?

வரும்போது ஒரு காரியம் செய்ய வேண்டும். பாப்பாவுக்குப் பல் முளைத்ததிலிருந்து எல்லோரும் சொன்னது, அப்படியே அத்தை பல் என்று. எனக்கு அப்போது அதைக் கேட்டால் எரிச்சலாக வரும், அதனால் உன் வாயை நான் ஒருநாளும் உற்றுப் பார்த்ததில்லை. நீயும் சிரிக்கும்போது கையை வைத்து மூடிக்கொள்வாய். இப்போது அந்தக் கையை எடுத்துவிட்டு என் எதிரில் உட்கார்ந்து ஒருமுறை நன்றாகச் சிரிக்க வேண்டும். இதைப் பக்கத்தில் வைத்துப் பார்க்கப்போகிறேன். அசையாத பல்லையே பார்த்துக்கொண்டிருக்கிறேன். அது அசைந்தால், பேசினால், சாப்பிட்டால் எப்படி இருக்கும் என்று நான் பார்க்க வேண்டும். உலகத்தில் அதைக் காட்ட உன்னால் மட்டும்தான் முடியும்.

எப்போது வருகிறாய் என்று எழுது.

உன் அண்ணி


ஏப்ரல் 12

அன்புள்ள அண்ணிக்கு,

பதில் எழுதத் தாமதமாகிவிட்டது. வாயில் கொஞ்சம் வேலை இருந்தது.

உங்கள் கடிதத்தை எத்தனை தடவை படித்தேன் என்று சொன்னால் நம்பமாட்டீர்கள். அந்த வார்த்தையைத் திரும்ப எடுத்துக்கொண்டீர்களே, அதைப் படித்தபோது ஆஸ்பத்திரியில் என் நாற்காலியிலேயே அழுதேன். பக்கத்து மேஜைக்காரி, "யாராவது செத்துட்டாங்களாக்கா?" என்று கேட்டாள். இல்லை, கூப்பிட்டிருக்கிறார்கள் என்றேன்.

வருகிறேன் அண்ணி. மே மாதம் முதல் வாரத்திலிருந்து லீவு கேட்டிருக்கிறேன், கொடுத்துவிட்டார்கள். வேலையை விடுவதைப் பற்றி நேரில் பேசலாம். கீழே நான்தான் படுப்பேன், அதில் பேச்சே கிடையாது.

ஒன்றை முன்னாலேயே சொல்லிவிடுகிறேன், நீங்கள் எதிர்பார்த்து ஏமாறக்கூடாது. எனக்கு முன்பற்களில் ரொம்ப நாளாகக் கூச்சம். தண்ணீர்கூடக் குடிக்க முடியாமல் இருந்தது. எங்கள் டாக்டர் பார்த்துவிட்டு, மேலே இருக்கிற நான்கையும் ராவி உறை போட்டுவிடலாம் என்றார். போன வாரம் போட்டுவிட்டார்கள். உறைகளை நானே செய்தேன். நேராக, வரிசையாக, எல்லோருக்கும் இருக்கிற மாதிரி இருக்கிறது. கண்ணாடியில் பார்த்தால் வேறு யாரோ நிற்கிறார்கள். அதனால் பாப்பாவோடு பக்கத்தில் வைத்துப் பார்க்க இப்போது என்னிடம் ஒன்றும் இல்லை.

ஆனால் அவள் எப்படிப் பேசுவாள், எப்படிச் சாப்பிடுவாள் என்பதெல்லாம் எனக்கு ஞாபகம் இருக்கிறது. அவள் என் வீட்டில் இருந்த நாட்களைப் பற்றி உங்களிடம் நான் ஒன்றும் சொன்னதே இல்லை. நீங்கள் கேட்கவும் இல்லை. உட்கார்ந்து ஒவ்வொன்றாகச் சொல்கிறேன். நமக்கு நிறைய நேரம் இருக்கும்.

உங்களுக்கு ஏதாவது வாங்கி வர வேண்டுமா?

உங்கள் நாத்தனார்


ஏப்ரல் 20

நாத்தனாருக்கு,

கடிதம் வந்தது. படித்துக்கொண்டே இஸ்திரிப் பெட்டியை வைத்துவிட்டேன், யாரோ ஒருவருடைய வெள்ளைச் சட்டை கருகிப்போனது.

எதற்காக இப்படிச் செய்தாய்? கூச்சம் என்கிறாய். கூச்சம் எனக்கும்தான் இருக்கிறது, யாருக்கு இல்லை? நான் அவ்வளவு தெளிவாக எழுதியிருந்தேனே, உலகத்தில் உன்னால் மட்டும்தான் காட்ட முடியும் என்று. அதைப் படித்த பிறகும் போய் ராவிக்கொண்டு வந்து நிற்கிறாய். கொஞ்சம் பொறுங்கள், ஒருமுறை அண்ணியிடம் காட்டிவிட்டு வருகிறேன், அப்புறம் ராவுங்கள் என்று அந்த டாக்டரிடம் சொல்ல உனக்கு வாய் இல்லையா? அவளுடைய சிரிப்பு உயிரோடு இருந்தது உன் வாயில் மட்டும்தான். அதையும் தூளாக்கிவிட்டாய்.

உன்மேல் எனக்குக் கோபம் இல்லை என்று எழுத உட்கார்ந்தேன். பொய் எழுதி என்ன ஆகப்போகிறது? கோபம்தான்.

நீ வர வேண்டாம். உன்னை எதிரில் வைத்துக்கொண்டு நான் உன் வாயைத்தான் பார்த்துக்கொண்டிருப்பேன். அங்கே அவள் இருக்க மாட்டாள். அதைத் தினமும் பார்க்க என்னால் முடியாது. மறைப்பானேன், நான் கூப்பிட்டது உன்னைப் பார்ப்பதற்காக இல்லை. அவளைப் பார்ப்பதற்காக. உனக்கு அது புரிந்திருக்கும் என்று நினைத்தேன். அவள் உன் வீட்டில் இருந்த கதையெல்லாம் எனக்கு வேண்டாம். அந்த வீட்டில்தான் அவள் செத்தாள்.

லீவை ரத்து செய்துவிடு. இனி எழுதவும் வேண்டாம், வந்தால் பிரிக்க மாட்டேன்.

என்னைப் பற்றிக் கவலைப்படாதே. பாப்பா இங்கே நன்றாக இருக்கிறாள், எனக்கு அவள் போதும்.

உன் அண்ணனின் மனைவி